பால் லாரி மூடியும் டி1, டி2-வும்

காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு நாள் அந்த அறிக்கை வந்து சேரும். முதல் பரிசோதனை அறிக்கை என்பது அதன் பெயர். தொழிலில் நாங்கள் எஃப்.இ.ஆர். என்போம். நீங்கள் புதிது என்று நம்பியதை உங்களுக்கு முன்பே எந்த நாட்டில் யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று டி1, டி2, டி3 எனப் பட்டியல் போட்டிருப்பார்கள். முதல் முறை வாங்குகிறவர்கள் அதைத் தீர்ப்பு என்றே எண்ணிச் சோர்ந்துபோகிறார்கள். அது தீர்ப்பு இல்லை, பரிசோதகர் எழுப்பும் ஆட்சேபம். ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலிலும் ஆட்சேபம் தீராவிட்டால் ஹியரிங். அதிலும் தோற்றால் மேல்முறையீடு. இந்த மூன்று படிகளையும் நான் முழுதாக ஏறி இறங்கியது ஒரு பால் லாரி மூடிக்காக.

நான் காப்புரிமை முகவர். வளர்ந்தது மாதவரம் பால்பண்ணைப் பக்கம். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து அரசின் உதவியோடு 1963-ல் தொடங்கிய பண்ணை அது. எங்கள் வட்டாரத்தில் பண்ணையின் பெயரே ஊரின் பெயராகவும் ஆகிவிட்டது. அப்பா அங்கே சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். வெளி மாவட்டங்களிலிருந்து வரும் பாலில் மாதிரி எடுத்து, மெத்திலின் புளூ கலந்து வைப்பார்கள். அந்த நீலம் வெளுக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. சீக்கிரம் வெளுத்தால் பாலில் கிருமி அதிகம். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அப்பா இதைத்தான் பேசுவார். அதனால் பாலைப் பற்றி யாராவது ஒரு சாதனம் செய்துகொண்டு வந்தால் என் காது தானாகத் திரும்பும்.

அந்த மூடியைச் செய்தவரின் பட்டறை ஜி.என்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. இந்தப் பக்கம் எல்லோரும் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். மணலி ஆலைகளில் ஒப்பந்த வேலைக்குப் போய் ஃபிட்டராகப் பழகி, பிறகு சொந்தமாக டேங்கர் லாரிகளைப் பழுது பார்க்க ஆரம்பித்தவர். எண்ணெய், ஆசிட், பால் என்று எது ஏற்றுகிற வண்டியானாலும் அவர் வாசலில் வந்து நிற்கும்.

பால் டேங்கரின் மேலே ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு வட்டமான வாய் உண்டு. அதற்கு எஸ்.எஸ். மூடி. மூடியின் ஓரத்தில் ஒரு பள்ளம், அதில் ரப்பர் கேஸ்கெட். சுற்றிலும் நான்கைந்து விங் நட். வண்டி ஓடும்போது பால் அலம்பி மூடியில் அடிக்கும். பள்ளத்துக்கும் ரப்பருக்கும் நடுவே போய் நிற்கும். பால் இறக்கிய பிறகு சூடான காஸ்டிக் விட்டு உள்ளேயிருந்து பீய்ச்சிக் கழுவுவார்கள். ரப்பருக்குப் பின்னால் தங்கியதை அந்தத் தண்ணீர் தொடாது. இது போதாதென்று நட்டு முடுக்குகிறவர் ஒரு பக்கத்தை இறுக்கி, மறு பக்கத்தைக் கைவிட்டிருப்பார். ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி, ஒரு பக்கம் பிளந்து நிற்கும். “மாடு நல்லா இருந்து, வண்டி நல்லா இருந்து இன்னா தம்பி? இந்தப் பள்ளத்துல நிக்குதே, அது அடுத்த லோடைக் கெடுக்குது” என்று அண்ணன் ரப்பரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மஞ்சளாகக் காய்ந்த படிவு. அந்த வாடை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த வாடை.

அவர் செய்த மூடியில் பள்ளமே கிடையாது. ரப்பர் ஒரு பாவாடை மாதிரி கீழே இறங்கி, அதன் மெல்லிய உதடு வாயின் உட்சுவரைத் தழுவி நிற்கும். கழுவுகிற தண்ணீர் நேராக அதன் மேல் அடிக்கும். விங் நட்டுகளுக்குப் பதில் மூடிக்கு மேலே குறுக்காக ஒரே ஒரு கை, அதன் நடுவில் ஒரு திருகு, திருகின் நுனியில் ஓர் உருண்டை. அந்த உருண்டை மூடியின் மேலுள்ள கிண்ணத்தில் உட்காரும். திருகைச் சுற்றினால் உருண்டை மட்டும் கிண்ணத்துக்குள் சுழலும், மூடி சுழலாது. மூடி லேசாகச் சாய்ந்து கொடுத்துத் தன் இடத்தைத் தானே தேடி உட்காரும். அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இறங்கும். கையால் இரண்டு சுற்று, வேலை முடிந்தது.

விண்ணப்பம் போடும் முன் முந்தைய கண்டுபிடிப்புகளைத் தேடினோம். நான் கணினியில் தேடினேன். அண்ணன் லாரிகள் மேல் ஏறித் தேடினார். மாதவரம் லாரி முனையத்தில் எந்த மாநிலத்து டேங்கர் நின்றாலும் டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்துவிட்டு மேலே ஏறிவிடுவார். அது வீண் வேலை இல்லை. அச்சில் வந்தது மட்டும் முந்தையது ஆகாது. இந்தியாவில் ஏற்கெனவே வெளிப்படையாகப் பயன்பாட்டில் இருந்த பொருளும் காப்புரிமையைக் கவிழ்க்கும். இங்கிலாந்தில் பாய்மரப் பலகைக்கான காப்புரிமை ஒன்று 1980-களில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. காரணங்களில் ஒன்று, பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுப் பையன் 1958-ல் ஹேலிங் தீவின் கடற்கரையில் அதே போன்ற பலகையைத் தானே செய்து ஓட்டிக்கொண்டிருந்தான் என்பது. விடுமுறைக்கு வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், அது போதும். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “சரிதான? அந்தப் பையன்தான முதல்ல பண்ணான்” என்றார். முந்தையவனுக்குரிய மரியாதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதாக இல்லை.

2016-ல் விண்ணப்பித்தோம். தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனை கேட்க 4,000. அறிக்கை வர 2019 ஆனது.

டி1 ஒரு பழைய அமெரிக்கக் காப்புரிமை. மருத்துவமனைக் கருவிகளை அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் மூடி. குறுக்குக் கை, நடுவில் திருகு. டி2 ஜப்பானிலிருந்து வந்தது. உணவுக் கலன் ஒன்றுக்கு உதடு வைத்த ரப்பர். டி1-ல் கை இருக்கிறது, டி2-ல் உதடு இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் உங்கள் மூடி. துறை தெரிந்த எவருக்கும் இது தோன்றக்கூடியதே என்று பரிசோதகர் எழுதியிருந்தார். கூடவே காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு: தனித்தனியே வேலை செய்கிற தெரிந்த பொருள்களை வெறுமனே அடுக்கி வைத்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது.

அண்ணன் அறிக்கையை என் கையிலிருந்து வாங்கி, டி1-ன் படத்தை வெகுநேரம் பார்த்தார். “இன்னா தம்பி, நம்ம மூடிய இவங்க முன்னாடியே பண்ட்டாங்கன்றாங்களா?” அவர் குரலில் கோபம் இல்லை. அந்தப் படத்தை வரைந்தவன் மேல் ஒரு மதிப்புத்தான் தெரிந்தது. பிறகு விரலை வைத்துக் கேட்டார்: “இந்தத் திருகு முனை தட்டையா இருக்கே. இறுக்கினா மூடியும் சேர்ந்து சுத்துமே, இவருக்கு அது பரவாயில்லையா?”

வழக்கு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

டி1-க்கு அது பரவாயில்லை. அதன் ரப்பர் தட்டையானது, பள்ளத்துக்குள் கிடப்பது. மூடி கொஞ்சம் திரும்பினாலும் ஒன்றும் ஆகாது. டி2-க்கும் பிரச்சினை இல்லை. அதில் மூடியைக் கிளிப்புகள் நேராகக் கீழே அழுத்தும், எதுவும் சுழலாது. ஆனால் டி2-ன் உதட்டை எடுத்து டி1-ன் திருகுக்குக் கீழே வைத்தால்?

அதை எழுத்தில் வாதாடலாம் என்று நான் பதில் தயாரிக்க உட்கார்ந்தேன். அண்ணன் அதைச் செய்தே பார்த்துவிட்டார். டி1-ன் படத்தை அளவெடுத்து லேத்தில் கடைந்து, டி2-ன் வடிவத்தில் ரப்பர் வார்த்து, பரிசோதகர் சொன்னபடியே இரண்டையும் சேர்த்து ஒரு மூடி. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, திருகை முடுக்கினார். கடைசிச் சுற்றில் மூடி தன்னோடு ரப்பரையும் இழுத்துக்கொண்டு திரும்பியது. உதடு சுருண்டு உள்பக்கம் மடிந்தது. கழற்றி மறுபடி முடுக்கினார். சில தடவைக்குள் ஓரத்தில் கிழிசல் விட்டது. அடுத்து தன் மூடியை அதே வாயில் வைத்து முடுக்கிக் காட்டினார். உருண்டை சுழன்றது, மூடி அசையவில்லை, உதடு சுவரோடு படிந்து நின்றது. எதிர்த்தரப்பின் வாதத்தை எஃகில் செய்து பார்த்த இன்னொருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

எங்கள் பதிலின் முதுகெலும்பு அதுவே ஆனது. உருண்டை இல்லாவிட்டால் உதடு பிழைக்காது; உதடு இல்லாவிட்டால் பள்ளம் வேண்டும், பள்ளம் வந்தால் பால் தங்கும். ஒன்றின் வேலை மற்றதில் தொங்குகிறது, ஆகவே 3(எஃப்) பொருந்தாது. காப்புரிமையின் எல்லையைச் சொல்லும் முதல் கோரிக்கையில் பொதுவாக ‘அழுத்தும் கை’ என்று இருந்ததை, மூடியைச் சுழற்றாமல் அழுத்தும் உருண்டை இணைப்பு என்று குறுக்கினோம். 59-ம் பிரிவு திருத்தத்தைக் குறுக்க மட்டுமே அனுமதிக்கும், அகட்ட விடாது. விண்ணப்பத்தின் விவரக்குறிப்பில் உருண்டையைப் பற்றி முதலிலிருந்தே விரிவாக எழுதியிருந்தது கைகொடுத்தது. பட்டறைச் சோதனையைப் படங்களோடு பிரமாணப் பத்திரமாக இணைத்தோம்.

ஹியரிங் 2020-ல், காணொளியில். நாட்டில் காப்புரிமை அலுவலகங்கள் நான்கு, கோப்பு எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை. எங்கள் கோப்பு எந்த ஊரில் இருந்தது என்பதும் இங்கே முக்கியமில்லை. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மடியில் கிழிந்த ரப்பர். முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் மரியாதையாகக் கேட்டார், நாங்கள் மரியாதையாகச் சொன்னோம். பதினைந்து நாளுக்குள் எழுத்து வாதத்தையும் தாக்கல் செய்தோம். பிறகு 15-ம் பிரிவின் கீழ் நிராகரிப்பு ஆணை வந்தது. டி1-ன் சாரம் ஒரு பத்தி, டி2-ன் சாரம் ஒரு பத்தி, இரண்டையும் இணைப்பது எளிதில் தோன்றக்கூடியது என்று ஒரு வரி. பட்டறைச் சோதனையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைச் சுட்டி, இது வெறும் பட்டறை மேம்பாடு என்று முடிந்திருந்தது.

அந்தத் தீர்ப்பை எனக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 1978 டிசம்பரில் வந்த பிஷ்வநாத் பிரசாத் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு. பித்தளைப் பாத்திரங்களை லேத்தில் கடையும்போது பிடித்து நிறுத்தும் முறைக்கு 1951-லிருந்து செல்லும்படி வாங்கிய காப்புரிமை. பழைய முறையில் பாத்திரம் கழன்று பறந்து ஆளை அடிக்கும் ஆபத்து இருந்தது. புதிய முறை அதைத் தடுத்தது உண்மை. ஆனால் லேத்தின் பின்பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிப்பது கடைசல்காரர்களுக்கு முன்பே தெரிந்த ஏற்பாடுதான், அதைப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தியது பட்டறை மேம்பாட்டுக்கு மேல் போகவில்லை என்று நீதிபதி சர்காரியா எழுதினார். காப்புரிமை ரத்தானது. தத்துவம் சரியானது என்றே நினைக்கிறேன். எல்லாருடைய கைப்பழக்கத்தையும் ஒருவர் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தத் தீர்ப்பு பக்கம் பக்கமாகக் காரணம் சொல்கிறது. எந்தப் பகுதி முன்பே தெரிந்தது, அதைத் தெரிந்தவர் யார், ஏன் அவருக்கு இது கைக்கெட்டும் தூரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது. அதிலிருந்து இரண்டு சொற்களை மட்டும் உருவி ஒரு சிறு பட்டறைக்காரரின் விண்ணப்பத்தின் மேல் வைப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பட்டறையில் பிறந்ததாலேயே ஒன்று பட்டறை மேம்பாடு ஆகிவிடாது. வடசென்னையில் எதுதான் பட்டறையில் பிறக்கவில்லை?

மேல்முறையீட்டுக்கு 117ஏ பிரிவில் மூன்று மாத அவகாசம். அப்போது அது தேனாம்பேட்டை குணா வளாகத்தில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். நாட்டுக்கே தலைமையிடமாக அந்த வாரியம் சென்னையில் இருந்ததை நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமார் இரண்டு சிம் போடும் கைபேசிக்கு 2008-ல் காப்புரிமை பெற்று, பெரிய நிறுவனங்களோடு மோதினார்; விஷயம் சுங்க அதிகாரிகள் இறக்குமதியைத் தடுப்பது வரை போனது. அதே காப்புரிமையை முந்தைய கண்டுபிடிப்புகளைக் காரணம் காட்டி 2012-ல் ரத்து செய்ததும் இந்த வாரியம்தான். காப்புரிமை கையில் வந்த பிறகும் டி1-ம் டி2-ம் துரத்தும் என்பதை அண்ணனுக்கு நான் விளக்கியது அந்த வழக்கை வைத்துத்தான். “அப்ப இப்பவே சண்டை போட்டு முடிச்சிடுறது மேல்” என்றார்.

மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தோம். 2021 ஏப்ரலில் அவசரச் சட்டம் ஒன்றால் வாரியமே கலைக்கப்பட்டது. கோப்புகள் எல்லாம் உயர் நீதிமன்றங்களுக்கு மாறின. சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவு 2023-ல் தொடங்கியது. மாற்றலாகி வந்த எங்கள் மேல்முறையீட்டுக்குப் புது எண் விழுந்தது. அந்த இடைக்காலத்தில் அண்ணன் அடிக்கடி கேட்டதெல்லாம், வேறு யாராவது இதே மூடியைச் செய்தால் நாம் தடுக்க முடியுமா என்பதே. காப்புரிமை கிடைக்கும்வரை வழக்கே போட முடியாது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டினார்.

காத்திருந்த காலத்தில் ஒரு நல்லதும் நடந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் அக்ரிபோர்டு இன்டர்நேஷனல் வழக்கில் ஒரு தீர்ப்பு தந்தது. வைக்கோல் போன்ற விவசாயக் கழிவை அழுத்திச் செய்யும் பலகை பற்றிய விண்ணப்பம். கண்டுபிடிப்புத் திறன் இல்லை என்று நிராகரிக்கிற கன்ட்ரோலர் மூன்றைப் பார்த்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். முந்தைய ஆவணம் சொல்வது என்ன, விண்ணப்பம் சொல்வது என்ன, முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் துறை தெரிந்தவர் எப்படி வந்து சேர்வார். மூன்றாவதைச் சொல்லாமல் ‘எளிதில் தோன்றக்கூடியது’ என்று முடிப்பது காரணமே ஆகாது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஆணையில் இல்லாதது அந்த மூன்றாவதுதான்.

உயர் நீதிமன்றத்தில் முகவர் வாதாட முடியாது, வழக்கறிஞர்தான் பேச வேண்டும். நான் பின்வரிசையில் கோப்போடு உட்கார்ந்தேன். எங்கள் வழக்கறிஞர் இளம்பெண். முந்தின வாரமே பட்டறைக்கு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு மூடிகளையும் தன் கையாலேயே முடுக்கிப் பார்த்திருந்தார். அவர் மூடியின் பெருமையைப் பேசவில்லை. முழுக்க டி1-ஐப் பற்றியே பேசினார்: அந்தத் திருகு என்ன செய்கிறது, அந்த ரப்பர் ஏன் தட்டையாக இருக்கிறது, அதைச் செய்தவருக்கு உதடு வைத்த ரப்பரைத் தேடிப் போக என்ன தேவை இருந்திருக்கும். விடையைப் பார்த்த பிறகு வழி எளிதாகத் தெரிவது வேறு, விடை தெரியாதபோது அந்த வழியில் கால் வைப்பது வேறு என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் நியாயமானவர். உருண்டை இணைப்பு என்பது இயந்திரவியலில் பழையது என்றார். பழையதுதான், நாங்களும் மறுக்கவில்லை. அதை இந்த இடத்தில் கொண்டுவர யார் சொன்னார்கள் என்பதே கேள்வி.

நீதிமன்றம் காப்புரிமையைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. நிராகரிப்பு ஆணையை ரத்து செய்து, சோதனை விவரங்களையும் பரிசீலித்துக் காரணங்களோடு புதிதாக முடிவெடுக்கும்படி திருப்பி அனுப்பியது. முன்பே ஒரு கருத்துக்கு வந்துவிட்டவர் மறுபடி கேட்கக் கூடாது என்பதால் வேறு அதிகாரி கேட்க வேண்டும் என்றது. அண்ணனுக்கு முதலில் ஏமாற்றம். “ஜெயிச்சமா இல்லியா தம்பி, அதச் சொல்லு” என்றார். ஜெயித்தோம் அண்ணே, நம் ரப்பரைப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

புதிய அதிகாரி பார்த்தார். கேமராவுக்கு முன்னால் மூடியை வைத்து முடுக்கச் சொன்னார். திருகின் முனை கிண்ணத்தில் எவ்வளவு சாய்ந்து கொடுக்கும் என்று கேட்டார். அண்ணன் கோண அளவை ஒரு தாளில் வரைந்து காட்டினார். உதட்டின் தடிப்பைப் பற்றிய துணைக் கோரிக்கை ஒன்றை டி2 ஏற்கெனவே சொல்லிவிட்டது என்றார் அதிகாரி. உண்மை, எடுத்துவிட்டோம். உருண்டையும் உதடும் சேர்ந்த முதல் கோரிக்கை நின்றது. 2024-ல் காப்புரிமை வந்தது.

20 ஆண்டு என்பது விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடுகிற கணக்கு. ஆகவே இது 2036-ல் முடியும். வாரியம் கலைந்து கோப்பு தூங்கிய காலத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். காப்புரிமை பதிவான மூன்று மாதத்துக்குள், மூன்றாம் ஆண்டு முதல் சேர்ந்த புதுப்பிப்புக் கட்டணம் மொத்தத்தையும் கட்ட வேண்டும். ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800, ஏழிலிருந்து பத்து வரை 2,400. அண்ணன் அதைக் கட்டிய கையோடு, ஈரோட்டுப் பக்கம் டேங்கர் கட்டுகிற ஒருவர் இதே மூடியைப் போட உரிமம் கேட்கிறார், ஒப்பந்தம் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார். அந்த டி1-ன் படம் இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டார். பிரதி எடுத்துக் கொடுத்தேன். லேத்துக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். பட்டறையில் வேலை பழக வருகிற பையன்களை முதலில் அதைப் பார்த்துக் கடையச் சொல்கிறார். தன் மூடியை அதற்குப் பிறகுதான் காட்டுகிறார்.